ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அம்பலம் என்பது ஊர்ப் பொதுமன்றம். ஊரின் நடுவே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த மன்றத்திலேயே ஏழையின் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற மனக்குறைதான் அப்பழமொழியில் ஒலிக்கிறது. அப்படியானால், அந்த மன்றம் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், வேற்று நாட்டில், வேற்று மொழியில் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஏழையின் சொல் எப்படிப் போய்ச் சேரும்? யாருடைய சொல் போய்ச் சேரும்? இந்த வினாவுக்கு விடை தேட நாம் உலகமெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறங்களின் வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

சிரம்பானுக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி அமைந்திருப்பது சுங்கை காடுட். இன்று அங்கே வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் உள்ளன. 2011-ஆம் ஆண்டு முதல் கம்யூட்டர் ரயிலும் அங்கே நிற்கிறது. ஆனால் அந்த வட்டாரமும் அதைச் சூழ்ந்த நிலமும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி பால்மரக் காடுகளாக இருந்தவை. பின்னர் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, வாளியும் கத்தியுமாக நிரைக்குப் போன தமிழ்த் தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்யலாம், எவ்வளவு கூலி பெறலாம் என்பதைத் தோட்டத்துத் துரை மட்டும் முடிவு செய்யவில்லை. கோலாலம்பூரும் மட்டும் முடிவு செய்யவில்லை. ஒரு காலத்தில் லண்டனில் கூடிய குழு முடிவு செய்தது. இன்று செம்பனை எண்ணெயின் சந்தையைப் பற்றிப் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒரு நாட்டின் எல்லையைக் கடந்து பல நாடுகளைக் கட்டுப்படுத்தும் இத்தகைய அதிகாரத்தையே நாடுகடந்த ஆட்சி என்கிறோம்.

அத்தகைய ஆட்சி நடைபெறும் இடங்களிலெல்லாம் இன்னொரு வேலையும் நடைபெறும். அதற்கு லாபி செய்தல் என்று பெயர். லாபி என்பது மன்றத்துக்கு வெளியே உள்ள நடைக்கூடம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினரைச் சந்திக்க வருவோர் அந்தக் கூடத்தில் காத்திருப்பது வழக்கம். தம் தொழிலுக்கு, தம் சங்கத்துக்கு, தம் ஊருக்குச் சாதகமாகச் சட்டம் அமைய வேண்டும் என்று அங்கே நின்று உறுப்பினரின் செவியில் சொல்வார்கள். இதனைத் தமிழில் நடைக்கூடப் பேச்சு என்று சொல்லலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். தன் குறையை ஆள்வோரிடம் எடுத்துச் சொல்வது குடிமகனின் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் நடைக்கூடத்துக்குள் யாரால் போக முடிகிறது, யார் வெளியிலேயே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது மக்களாட்சிக்கு உதவுகிறதா, ஊறு செய்கிறதா என்பது முடிவாகிறது.

முதல் எடுத்துக்காட்டாக 1920-ஆம் ஆண்டுக்குப் போவோம். 1910-இல் ஒரு ராத்தல் ரப்பர் லண்டன் சந்தையில் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அந்த ஆசையில் எங்கும் பால்மரம் நட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்தபின் வந்த மந்தத்தில் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. லண்டனில் ரப்பர் கம்பெனிகள் 1907-இல் அமைத்துக்கொண்ட ரப்பர் பயிரிடுவோர் சங்கம் ஒன்று இருந்தது. 1920-இல் அச்சங்கம் உறுப்பினர்கள் தாமாகவே உற்பத்தியைக் கால்பங்கு குறைக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டது. அது போதவில்லை. உடனே அச்சங்கம் குடியேற்ற நாடுகளின் அமைச்சகத்தை நெருக்கியது. அந்நாளில் அதன் அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். 1921-இல் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ரப்பர் தொழிலைச் சார்ந்தவர்களும் அக்குழுவில் அமர்ந்திருந்தார்கள். அதன் பரிந்துரைப்படி 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.

இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1920-ஆம் ஆண்டுவரை இருந்த விளைச்சலை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஏற்றுமதி அளவு குறிக்கப்பட்டது. பெரிய கம்பெனித் தோட்டத்தில் கிராணிமார் எழுதிய கணக்குப் புத்தகம் இருந்தது. அதைக் காட்டிப் பங்கு வாங்கினார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் இந்தியர்களுமாகச் சில ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரருக்குக் கணக்கும் இல்லை, லண்டனில் சங்கமும் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று அதிகாரிகள் மதிப்பிட்டதைத்தான் அவர்கள் ஏற்க வேண்டியிருந்தது. அந்த மதிப்பீடு அவர்களுடைய உண்மையான விளைச்சலைவிடக் குறைவாக இருந்தது என்று பொருளியல் அறிஞர் பி. டி. பாவர் பின்னாளில் எடுத்துக்காட்டினார்.

தொழிலாளியின் நிலை என்ன? 1925-இல் விலை நான்கு ஷில்லிங்கையும் தாண்டியது. கம்பெனிகளின் கையிருப்பு ஏறியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ரப்பரை அதிகமாக வாங்கிய அமெரிக்கா சீறியது. அதன் வணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். திட்டத்தில் சேராத டச்சு இந்தியத் தீவுகள் தம் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டன. கடைசியில் 1928 நவம்பரில் பிரிட்டன் கட்டுப்பாட்டைக் கைவிட்டது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் பெரியது. 1929-க்குப் பின் வந்த உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை அடியோடு சரிந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இம்முறை பிரிட்டிஷ் கம்பெனிகளும் டச்சுக் கம்பெனிகளும் முதலில் தமக்குள் பேசி முடித்தன. அதன் பிறகே அரசாங்கங்கள் கையெழுத்திட்டன. 1934 மே 7-ஆம் நாள் பிரிட்டன், இந்தியா, நெதர்லாந்து, பிரான்ஸ், சயாம் ஆகியவை அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கையைச் செய்துகொண்டன. லண்டனில் அதற்கென ஒரு குழு அமைந்தது. எந்த நாடு எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம், எத்தனை விழுக்காடு திறந்துவிடலாம் என்று அக்குழு முடிவு செய்யும். அந்தந்த நாட்டுச் சட்டம் அதை நிறைவேற்றும். புதிய நிலத்தில் பால்மரம் நடுவதற்கும் தடை விதிக்கப்பட்டது.

நாடுகளின் எல்லையைக் கடந்த அதிகாரம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்நாளில் அரிது. அந்தக் குழுவில் உற்பத்தி செய்யும் நாடுகளின் பேராளர்கள் இருந்தார்கள். ரப்பர் வாங்கும் தொழிற்சாலைகளின் சார்பில் ஆலோசனை சொல்ல மட்டும் சிலருக்கு இடம் தரப்பட்டது. மரம் வெட்டிய தொழிலாளிக்கு ஆலோசனை சொல்லும் இடம்கூட இல்லை. மலாயாவிலோ அந்நாளில் தேர்தல் என்பதே கிடையாது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் சட்டசபை 1909-இல் அமைந்தபோது தோட்டத் துரைமார் அதில் நியமன உறுப்பினர்களாக அமர்ந்தனர். இந்தியர் ஒருவர், எஸ். வீராசாமி, நியமிக்கப்பட்டது 1928-இல்தான். வாக்கு இல்லாத நாட்டில் துரைமாருக்குக் கோலாலம்பூரிலும் செவி கிடைத்தது, லண்டனிலும் செவி கிடைத்தது. தொழிலாளிக்கு இரண்டும் இல்லை.

விளைவை எண்களிலேயே காணலாம். 1937-இன் பிற்பாதியில் அக்குழு அனுமதித்த ஏற்றுமதி அளவு 90 விழுக்காடு. அமெரிக்காவில் மறுபடியும் மந்தம் வரவே, 1938-இன் பிற்பாதியில் அது 45 விழுக்காடாக இறக்கப்பட்டது. லண்டனில் ஒரு மேசையில் மாற்றப்பட்ட இந்த ஓர் எண், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எத்தனை மரங்களுக்கு ஓய்வு கொடுப்பது, எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று சொல்வது என்பதைத் தீர்மானித்தது.

ஆனால் இதே ஆண்டில்தான் இக்கதையின் திருப்பமும் வருகிறது. மலாயாவின் இந்தியர்கள் 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கத்தை நிறுவியிருந்தார்கள். சங்கத் தலைவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. தோட்டங்களுக்கு ஆள் வருவது தமிழகத்திலிருந்து. ஆள் அனுப்புவதை நிறுத்தும் அதிகாரம் இந்திய அரசிடம் இருக்கிறது. ஆகவே அவர்கள் டில்லியின் கதவைத் தட்டினார்கள். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து விசாரித்து, 1937-இல் அறிக்கை கொடுத்தார். மந்தத்துக்கு முன்பிருந்த ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற கூலி மீண்டும் வர வேண்டுமென்றார். அவர் சொன்னது போதாது என்று சங்கம் குறைகூறியது. 1937-இல் ஜவகர்லால் நேருவும் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை நேரில் கண்டு சென்றார். 1938-இல் துரைமார் கூலியை மறுபடியும் குறைத்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசு, உதவி பெற்றுக் கூலி வேலைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்துவிட்டது.

இதுவும் நடைக்கூடப் பேச்சுதான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. துரைமார் சங்கம் லண்டனில் செய்ததை நம்மவர் சங்கம் டில்லியில் செய்தது. வேற்றுமை ஒன்றுதான். துரைமார் தமக்காகவே பேசினார்கள். இச்சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் நகர்ப்புறத்துப் படித்தவர்களும் வணிகர்களும் ஆவர். அவர்கள் வாக்கும் வாயும் இல்லாத தோட்டத் தொழிலாளிக்காகப் பேசினார்கள். ஆகையால் லாபி என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது சரியாகாது. மன்றத்தில் இடமில்லாதவனுக்கு நடைக்கூடமாவது வேண்டும். அதே சமயம், தன் சார்பில் இன்னொருவர் பேசும் நிலை நிலையானதும் அன்று. பேசுகிறவர் மனம் மாறினால் தொழிலாளி மறுபடியும் ஊமையாகிவிடுவான்.

அந்நிலை மாறியது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான். 1954-இல் பல தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. 1955-இல் முதல் கூட்டரசுத் தேர்தல், 1957-இல் விடுதலை. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் புதிய சங்கத்தின் பொதுச்செயலாளரானார். அவர் 1975-இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கும் தலைவரானார். அச்சம்மேளனத்தின் தலைமையகம் இருந்தது பிரஸ்ஸல்ஸ் நகரில். பால்மரத் தோட்டத்துச் சங்கத்திலிருந்து எழுந்த ஒரு குரல் ஐரோப்பாவின் நடுவே ஒலித்தது என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம்.

ரப்பருக்கான அனைத்துலக ஏற்பாடும் திருந்தியது. 1979-இல் உருவான அனைத்துலக இயற்கை ரப்பர் உடன்படிக்கையில் விற்கும் நாடுகளுக்கு ஆயிரம் வாக்கு, வாங்கும் நாடுகளுக்கு ஆயிரம் வாக்கு என்று சமமாகப் பங்கிட்டார்கள். அதன் அலுவலகம் கோலாலம்பூரில் அமைந்தது. 1999-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இதற்கிடையில் 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியின் பங்குகளைச் சில மணி நேரத்தில் மலேசியா வாங்கிவிட்டது. நெகிரி செம்பிலானிலும் நிலம் வைத்திருந்த பழம்பெரும் கம்பெனி அது. தோட்டத்தின் உரிமை லண்டனிலிருந்து தாய்நாட்டுக்கு வந்தது. ஆனால் உரிமை வந்ததால் முடிவுகளெல்லாம் இங்கேயே எடுக்கப்படும் என்று ஆகிவிடவில்லை. விளைபொருளை வாங்குகிறவன் வேறொரு மன்றத்தில் சட்டம் இயற்றத் தொடங்கினான்.

இனி அந்த மன்றத்தைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது 27 நாடுகள் உள்ளன. அதன் நாடாளுமன்றத்தை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 1979-இல் தொடங்கியது. 2024-இல் 720 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆனால் சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை பெரும்பாலும் அந்த நாடாளுமன்றத்துக்கு இல்லை. அது ஐரோப்பிய ஆணையத்தைச் சேர்ந்தது. ஆணையம் எழுதும், நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர் மன்றமும் திருத்தி ஏற்கும். ஆகவே எழுதும் மேசைக்கு அருகில் யார் நிற்கிறார்களோ அவர்களுடைய சொல்லுக்கு எடை அதிகம். பிரஸ்ஸல்ஸில் லாபி செய்வோருக்கென ஒரு பொதுப் பதிவேடு 2011-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் விதிகள் இறுக்கப்பட்டன. அதில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் பதிந்துள்ளன. கம்பெனிகள், வணிகச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், சுற்றுச்சூழல் இயக்கங்கள் என எல்லாத் தரப்பும் அங்கே உண்டு. பதிவேடு இருந்தும் 2022 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் வெளிநாட்டுப் பணம் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் பெல்ஜியக் காவல்துறை சோதனைகள் நடத்தி, கட்டுக்கட்டாகப் பணத்தைக் கைப்பற்றியது. பதிவேடு மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடாது என்பதற்கு இது சான்று.

2017 ஏப்ரல் 4-ஆம் நாள் அந்த நாடாளுமன்றம் செம்பனை எண்ணெயும் காடழிப்பும் பற்றி ஒரு தீர்மானத்தை 640-க்கு 18 என்ற வாக்கில் நிறைவேற்றியது. 2019-இல் ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. காடழிப்பு அபாயம் மிக்கதென்று கருதப்படும் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் இனிப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கணக்கில் சேராது. 2023 முதல் படிப்படியாகக் குறைந்து 2030-இல் முற்றாக நீங்கும் என்பது அவ்விதி. 2023-இல் வந்த இன்னொரு சட்டம் செம்பனையோடு ரப்பரையும் சேர்த்துக்கொண்டது. காடழித்து விளைவிக்கப்படவில்லை என்று விளைந்த நிலத்தின் இருப்பிடத்தோடு காட்டினால்தான் அப்பொருள் ஐரோப்பாவுக்குள் நுழையலாம். அச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2024 டிசம்பரில் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. அதன் பின்னும் தள்ளிப்போயிற்று.

இந்தச் சட்டங்களுக்கு முன்னும் பின்னும் நடைக்கூடம் நிரம்பித்தான் இருந்தது. காட்டைக் காக்க வேண்டுமென்ற இயக்கங்கள் ஒருபுறம். சூரியகாந்தியும் ரேப் என்னும் எண்ணெய் வித்தும் பயிரிடும் ஐரோப்பிய விவசாயிகளின் வலுவான சங்கங்கள் ஒருபுறம். மலேசியாவின் செம்பனை எண்ணெய்க் கழகமும் இந்தோனேசியத் தரப்பும் ஒருபுறம். மலேசியா 2021-இல் உலக வணிக அமைப்பிலும் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, விதியை வகுத்த முறையிலும் நடத்திய முறையிலும் சில குறைகள் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சுற்றுச்சூழலைக் காக்க இப்படி ஒரு நடவடிக்கை எடுக்கும் உரிமையை மறுக்கவில்லை.

காடு அழிவது உண்மையான கேடு. அதைத் தடுக்க நினைப்பது நல்ல நோக்கம். அதே சமயம், நூறாண்டுக்கு முன்பே பால்மரம் நட்டு, பிறகு செம்பனையாக மாற்றிய நிலமும், நேற்று வெட்டிய மழைக்காடும் ஒன்றல்ல என்ற நம் தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. இரண்டும் மன்றத்தில் எடை போடப்பட வேண்டியவை. நாம் கேட்பது வேறொன்று: சிறுதோட்டக்காரரின் பெயர் எல்லார் வாயிலும் வந்தது, அவர் தாமே எத்தனை முறை பேசினார்? இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களுக்கு 2019-ஆம் ஆண்டு விதியில் சிறிது விலக்குக் கிடைத்தது. அதற்கு மேல் சில ஏக்கர் வைத்திருப்பவர், கம்பெனி காட்டும் வரைபடத்தையும் பத்திரத்தையும் போலத் தாமும் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் இல்லாததால் 1922-இல் பங்கு குறைந்தவரின் பேரப்பிள்ளை நிலைமையே இதுவும்.

இன்னொருவரையும் மறந்துவிடலாகாது. நம் பாட்டன்மார் நின்ற பெரட்டுக் களத்தில் இன்று நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். குலை அறுப்பவரும் அவர்களே, சுமப்பவரும் அவர்களே. அவர்களுக்கு இந்நாட்டில் வாக்கில்லை, பிரஸ்ஸல்ஸிலும் இல்லை. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனைக் கம்பெனிகளின் பொருள்களை நிறுத்தி வைத்தது. தொழிலாளர் உரிமை அமைப்புகள் கொடுத்த மனுக்களே அதற்குத் தொடக்கம். அவற்றுள் ஒரு கம்பெனி தன் முறைகளைத் திருத்திக்கொண்டபின் 2023-இல் அத்தடை நீங்கியது. 1938-இல் டில்லியில் தட்டிய கதவைப் போன்றதே இதுவும். வாக்கில்லாத தொழிலாளிக்காக வேறொருவர் வேறொரு நாட்டில் பேசினார். ஏதோ நன்மை விளைந்தது. நன்மை விளைந்தது என்பதற்காக, தொழிலாளி தானே பேச முடியாத நிலையை நாம் இயல்பென்று ஏற்றுக்கொள்ளலாமா?

இந்த நூறாண்டுக் கதையிலிருந்து நாம் கற்பது இதுதான். மன்றம் எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு செலவு அதன் நடைக்கூடத்துக்குப் போய்ச் சேரவும் ஆகிறது. செலவு செய்ய முடிந்தவரின் குரல் அங்கே தானாகவே ஒலிக்கிறது. முடியாதவரின் குரலை யாராவது சுமந்து போனால்தான் உண்டு. நாடுகடந்த ஆட்சியே வேண்டாமென்று சொல்வதற்கில்லை. காடும் கடலும் காற்றும் எல்லைக்கோடு பார்ப்பதில்லை, விலையும் பார்ப்பதில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஆட்சி மக்களாட்சியாக இருக்க வேண்டுமானால் மூன்று காரியங்கள் தேவை. யார் யாரிடம் என்ன பேசினார் என்பது பொதுவில் எழுதப்பட வேண்டும். முடிவால் பாதிக்கப்படுவோர், எந்த நாட்டவரானாலும், முடிவுக்கு முன்பே அழைத்துக் கேட்கப்பட வேண்டும். உழைப்பவர் சங்கமாகச் சேர்ந்து தம் சொல்லைத் தாமே சொல்லும் உரிமை எங்கும் காக்கப்பட வேண்டும்.

நேயர்களே, 1934-இல் லண்டனில் கூடிய குழுவின் கதவு தோட்டத் தொழிலாளிக்கு மூடியே இருந்தது. இன்று பிரஸ்ஸல்ஸின் கதவு பாதி திறந்திருக்கிறது. கோலாலம்பூரின் கதவைத் திறக்க நம் கையில் வாக்குச்சீட்டு இருக்கிறது. சுங்கை காடுட் வட்டாரத்துத் தோட்டத்தில் இன்று வியர்வை சிந்துபவர் எந்த மொழி பேசுபவராயினும், அவர் சொல்லையும் அம்பலம் ஏற்றிவைக்கும் கடமை, ஒரு காலத்தில் அதே நிலையில் நின்றவர்களின் பிள்ளைகளாகிய நமக்கே முதலில் உண்டு.